சுவர் எழும்பிவிட்டது, உள்ளே வாழ்பவள் யார்? இளையோர் டிஸ்டோபியா நாவலில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் மாதம் ஒருமுறை கூடும் எங்கள் சிறு வாசகர் வட்டத்துக்குக் கல்லூரி மாணவி ஒருத்தி தன் முதல் நாவலின் கையெழுத்துப் படியைக் கொண்டுவந்தாள். முந்நூறு பக்கங்களுக்கு மேல். கதை நடப்பது 2091இல், இதே கடலூரில். தேவனாம்பட்டினத்திலிருந்து பழைய துறைமுகம் வரை ஒரு பெருஞ்சுவர் கடலை மறித்து நிற்கிறது. கெடிலமும் தென்பெண்ணையும் உப்பாறுகளாகிவிட்டன. குடிநீருக்கு நான்கு நிறங்களில் அட்டை. பச்சை அட்டைக்காரர்களுக்கு நாளுக்கு எட்டு லிட்டர், சாம்பல் அட்டைக்காரர்களுக்கு இரண்டு. பதினேழு வயது நிரம்பியவர்கள் ஒரு தேர்வு எழுதித் தங்கள் அட்டையின் நிறத்தை முடிவு செய்துகொள்ள வேண்டும். அவள் கைப்பட வரைந்திருந்த வரைபடத்தை மேசையில் விரித்தபோது எல்லோரும் எழுந்து நின்று பார்த்தோம். அத்தனை நுணுக்கம்.

இரண்டே இரவுகளில் படித்து முடித்தேன். அடுத்த வாரம் நண்பர் ஒருவர், "கதாநாயகி எப்படிப்பட்ட பெண்?" என்று கேட்டார். அங்காளி என்ற பெயர் நினைவில் இருந்தது. துணிச்சலானவள் என்றேன். அதற்குமேல் சொல்ல எதுவும் வரவில்லை. சுவரில் எத்தனை மதகுகள் என்று அவர் கேட்டிருந்தால் பதினொன்று என்று உடனே சொல்லியிருப்பேன்.

சீரழிந்து அடக்குமுறைக்குள் சிக்கிய எதிர்கால உலகைக் காட்டும் இந்த டிஸ்டோபியா வகை நாவல் எழுத வரும் இளைஞர்கள் பலரிடம் இதே நிலையைக் காண்கிறேன். உலகத்தைக் கட்டிவிடுகிறார்கள், குடியிருக்க ஆள் வருவதில்லை. அந்த மாணவியின் அனுமதியோடு அவளுடைய படியையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நம்மிடம் இதற்கு ஒரு பழைய அளவுகோல் உண்டு. நிலமும் பொழுதும் முதற்பொருள். அந்த நிலத்துத் தெய்வம், உணவு, மரம், பறவை, தொழில் எல்லாம் கருப்பொருள். அங்கே வாழும் மனிதர் மனத்தில் நிகழ்வது உரிப்பொருள். மூன்றையும் வகுத்த தொல்காப்பியம், பாடலுக்குள் வரும்போது இவை ஒன்றைவிட ஒன்று முறையே சிறந்தவை என்றும் சொல்லிவைத்திருக்கிறது. நிலம் கடைசி, மனம் முதல். கடற்கரை நெய்தல், அதன் உரிப்பொருள் இரங்கல். மாணவியின் நாவலில் நெய்தல் நிலம் அழிந்து கிடக்கிறது, மதகும் அட்டையும் உப்பங்கழியும் இருக்கின்றன, இரங்குவதற்கு ஒருவரும் இல்லை.

முதல் தவறு, விதியை முதலில் சொல்லி ஆளைப் பிறகு கொண்டுவருவது. அவளுடைய நாவலில் அங்காளி வாய் திறப்பதற்குள் நாற்பது பக்கம் ஓடிவிடுகிறது. உலகம் புரியாமல் வாசகர் தடுமாறுவார் என்ற பயம் அவளுக்கு. அந்தப் பயம் தேவையற்றது. நம் கரையிலேயே ஒரு விதி இருக்கிறது: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது. மீன் இனப்பெருக்கத்துக்கான தடைக்காலம். ஒரு வரியில் சொல்லி முடித்துவிடலாம். ஆனால் அந்த 61 நாட்களில் ஒரு வீட்டுக்குள் நடப்பதை எண்ணிப் பாருங்கள். எந்த நகை முதலில் அடகுக்குப் போகிறது, அதைக் கழற்றிக் கொடுப்பது யார், வலை பின்னும் அப்பாவிடம் பள்ளிக் கட்டணத்தை நினைவூட்டுவது யார், சித்தப்பாவிடம் கடன் கேட்கப் போகும் அம்மா எந்தப் புடவையைக் கட்டிக்கொண்டு போகிறாள். இவற்றைச் சொன்னால் விதி தானாகவே விளங்கிவிடும். அந்த வீட்டு மனிதர்களும் கண்முன் வந்துவிடுவார்கள்.

அதனால் மாணவியிடம் சில கேள்விகள் கேட்டேன். நாளுக்கு இரண்டு லிட்டர் என்றால் அங்காளி தலைக்கு எப்போது குளிக்கிறாள்? மாதவிலக்கு நாட்களில் என்ன செய்கிறாள்? உலை வைக்க யார் பங்கிலிருந்து தண்ணீர் எடுக்கிறார்கள்? பாட்டி தன் பங்கில் அரை டம்ளரை யாருக்காக ஒளித்து வைக்கிறாள்? அது அங்காளிக்கு இல்லை, தம்பிக்குத்தான் என்று தெரியவரும் நாளில் அவள் முகம் எப்படி இருக்கும்? மூன்று பக்க அட்டை விளக்கத்தில் இவற்றில் ஒன்றுக்குக்கூட விடை இருக்கவில்லை. அவள் குறிப்பேட்டை மூடிவைத்துவிட்டு நெடுநேரம் பேசாமல் இருந்தாள்.

அடுத்தது, எதிர்ப்பையே குணமாக எண்ணிக்கொள்வது. அங்காளி முதல் பக்கத்திலிருந்தே சுவரை வெறுக்கிறாள். யார் கற்றுக்கொடுத்தார்கள்? 2074இல் சுவருக்குள் பிறந்த பெண் கடலைப் பார்த்ததே இல்லை. அவளுக்குச் சுவர்தான் வானம் முடியும் இடம், அம்மா சோறூட்டியபோது காட்டிய இடம், தன் உயிரைக் காத்து நிற்கும் காவல். அவள் அதை நேசித்திருக்க வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எங்கள் கரையோரத்து வீடுகளில், மறுபடி கடலுக்குப் போகத் துடித்தவரும் இனிக் கடல் முகத்திலேயே விழிக்க மாட்டேன் என்றவரும் ஒரே கூரையின் கீழ் இருந்தார்கள். இருவருமே பொய் சொல்லவில்லை. இந்த இரண்டு குரல்களும் அங்காளி ஒருத்திக்குள்ளேயே கேட்டால் அவள் பாத்திரமாகிவிடுவாள். அந்த ஏற்பாட்டால் அவளுக்குச் சிறிதாவது ஆதாயமும் இருக்க வேண்டும். பச்சை அட்டையை வெறுத்துக்கொண்டே அதற்கு ஆசைப்படும் பெண்ணை நான் நம்புவேன். பன்னிரண்டாம் வகுப்புத் தேர்வை மனத்துக்குள் சபித்துக்கொண்டே விடியற்காலை நான்கு மணிக்கு எழுந்து படித்த பிள்ளைகள்தானே இந்த நாவலை வாசிக்கப்போகிறார்கள்? அவர்களுக்கு இந்த இரட்டை மனம் நன்றாகத் தெரியும்.

பெற்றோரைக் கொன்றுவிடுவது இன்னொரு தவறு. கதாநாயகி சுதந்திரமாக அலைய வேண்டும் என்பதற்காக அப்பா அம்மா இருவரும் முன்கதையிலேயே இறந்துவிடுகிறார்கள். நம் ஊரில் பதினேழு வயதுப் பெண் இரவில் வெளியே போக வேண்டுமென்றால் அம்மாவிடம் பொய் சொல்ல வேண்டும், பெரியம்மா கண்ணில் படாமல் போக வேண்டும், தம்பிக்கு ஏதாவது கொடுத்து அவன் வாயை அடைக்க வேண்டும். காவலர்களைத் தாண்டுவதைவிட இது கடினம். கதைக்குக் கிடைக்கும் இந்த நல்ல தடைகளை எல்லாம் அவள் தானே அகற்றிவிட்டாள்.

இதையொட்டியே அதிகாரத்துக்கு முகம் இல்லாமல் போவதும் நேர்கிறது. அவளுடைய நாவலில் ஆட்சி என்றால் கருப்புச் சீருடை, ஒலிபெருக்கி, கண்ணாடிக் கோபுரம். அட்டைக்கு முத்திரை குத்தும் கை யாருடையது? ஊருக்குள் அப்படி ஒரு வேலை இருந்தால் ஊர்க்காரர் ஒருவர்தான் அதைப் பார்ப்பார். அங்காளியின் சித்தியே அந்த மேசையில் உட்கார்ந்திருக்கட்டும் என்றேன். தீபாவளிக்குத் துணி எடுத்துக் கொடுத்தவள், காய்ச்சலில் இரவெல்லாம் விழித்திருந்து பார்த்துக்கொண்டவள், பக்கத்து வீட்டுக் குழந்தையின் அட்டையில் சாம்பல் முத்திரை குத்துகிறாள். குத்தாவிட்டால் அவள் வேலை போகும், அவள் பிள்ளைக்குத் தண்ணீர் போகும். இப்போது அங்காளிக்குச் சுவரை எதிர்ப்பது எளிதில்லை.

தெரிவு செய்யப்பட்டவள் என்ற உத்தியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எட்டாவது அத்தியாயத்தில் அங்காளியின் இரத்தத்துக்கு உப்பு நீரைத் தாங்கும் ஆற்றல் இருப்பது தெரியவருகிறது. அதன்பின் அவள் எதையும் முடிவு செய்யவே இல்லை. அவளுடைய இரத்தம் முடிவு செய்கிறது. புதுச்சேரி பாரதி பூங்காவின் நடுவில் நிற்கும் ஆயி மண்டபத்தை அங்கே போகிறவர்கள் எல்லோரும் பார்த்திருப்பார்கள். அதைச் சுற்றி ஒரு கதை வழங்குகிறது. ஆயி என்ற தாசியின் ஒளி மிகுந்த வீட்டைக் கோயில் என்று எண்ணிக் கைகூப்பிய விஜயநகரத்து ஆட்சியாளர், உண்மை தெரிந்ததும் சினந்து வீட்டை இடிக்கச் சொன்னாராம். தானே இடித்துக்கொள்ள அனுமதி கேட்ட ஆயி, அந்த இடத்தில் ஊருக்காக ஒரு குளம் வெட்டினாளாம். முத்திரப்பாளையத்து நீரை நகருக்குக் கொண்டுவந்த பிரெஞ்சுக்காரர் காலத்தில், அவள் நினைவாக மூன்றாம் நெப்போலியன் இந்த மண்டபத்தை எழுப்பச் சொன்னார் என்று அந்தக் கதை முடிகிறது. ஆயியின் நிறம் என்ன, வயது என்ன என்று இந்தக் கதை சொல்வதில்லை. அவளிடம் எந்தச் சிறப்பு ஆற்றலும் இல்லை. இருந்தது ஒரு வீடு. அது போகப்போகிறது என்று தெரிந்த கணத்தில் அவள் எடுத்த ஒரு முடிவு, தலைமுறை தலைமுறையாக அவளை நினைவில் வைத்திருக்கிறது. எனக்கு இதைவிட நல்ல பாடம் தெரியவில்லை. அங்காளியிடம் இழக்க என்ன இருக்கிறது, அதை இழக்கும்போது அவள் என்ன செய்கிறாள் என்று எழுதிவிட்டால், இரத்தப் பரிசோதனைக்கு வேலையே இல்லை.

பாத்திரங்களின் பேச்சில் பாடம் நடத்துவது எளிதில் கண்ணில் படும் தவறு. "உனக்குத்தான் தெரியுமே தம்பி, 2060ஆம் ஆண்டுப் பெரும்புயலுக்குப் பிறகு நான்கு மண்டலங்களாக நம் நகரம் பிரிக்கப்பட்டது" என்கிறாள் அங்காளி. தம்பிக்குத் தெரியும் என்றால் ஏன் சொல்கிறாள்? நான் பக்கத்தில் எழுதிக் காட்டியது இதுதான்: "அந்தக் குழாயில் கை வைக்காதே. நாம் மூன்றாம் மண்டலம். பார்த்தால் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள்." செய்தியும் வந்துவிட்டது, அக்காளின் பயமும் வந்துவிட்டது. இரண்டு இளைஞர்களுக்கு நடுவில் அவள் தவிக்கும் காதல் பகுதியைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. இருவரில் யார் பேசுகிறார் என்று பெயரை மறைத்துவிட்டுப் படித்தால் தெரியவில்லை, ஒருவரை நீக்கிவிடலாம்.

நான் அதிகம் கவலைப்படுவது திருத்தும்போது நேரும் தவறைப் பற்றித்தான். பாத்திரம் பலவீனம் என்று சொன்னதும் எழுதுகிறவர்கள் ஒரு பட்டியல் தயாரிக்கிறார்கள்: பிடித்த நிறம், பிடித்த உணவு, நகம் கடிக்கும் பழக்கம், சிறுவயதில் ஒரு கொடுந்துயரம். இந்த மாணவியும் அப்படி நான்கு பக்கம் எழுதி வந்தாள். அதுவும் உலகம் கட்டும் வேலைதான். நகரத்துக்குப் பதிலாக ஆளுக்கு ஒரு வரைபடம். பழக்கங்களை எத்தனை அடுக்கினாலும், நெருக்கடியில் அவள் என்ன செய்வாள் என்பது அவற்றிலிருந்து தெரியாது.

'தானே' என்ற பெயர் கொண்ட புயல் 2011 டிசம்பர் 30 அன்று அதிகாலையில் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் இடையே கரையைக் கடந்தது. பண்ருட்டிப் பக்கம் முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்து கிடந்ததைப் போய்ப் பார்த்தேன். ஒரு தோப்பில் அண்ணன் தம்பி இருவர். தாத்தா நட்ட பலா விழுந்து கிடக்கிறது. வந்த விலைக்கு விறகு வியாபாரியிடம் தள்ளிவிட வேண்டும் என்று அண்ணன் அன்றே ஆள் பேசினார். தம்பி மரத்தின் மேல் உட்கார்ந்துகொண்டு இறங்க மறுத்தார். மாலையில் அண்ணன் அவருக்குச் சோற்றை அங்கேயே கொண்டுவந்து கொடுத்தார். விற்பதைக் கைவிடவும் இல்லை, தம்பியை இறக்கிவிடவும் இல்லை. அவர்களுக்குப் பிடித்த நிறம் எனக்குத் தெரியாது. ஆனால் இன்றும் அந்த இருவரையும் வைத்து என்னால் ஒரு நாவலைத் தொடங்க முடியும். ஒரே காற்றுத்தான் இருவர் மேலும் அடித்தது. மாணவியின் நாவலிலும் ஒரு புயல் வருகிறது. அதில் பத்துப் பேரும் ஒரே மாதிரி ஓடுகிறார்கள்.

அதனால் பட்டியலை ஓரமாக வைக்கச் சொன்னேன். ஒவ்வொரு பாத்திரத்தையும் ஒரே காட்சியில் நிறுத்தச் சொன்னேன்: குழாயில் தண்ணீர் நின்றுவிட்டது, குடத்தில் அரை லிட்டர் இருக்கிறது, வாசலில் பக்கத்து வீட்டுக் குழந்தை நிற்கிறது. அங்காளி என்ன செய்கிறாள், பாட்டி என்ன செய்கிறாள், சித்தி என்ன செய்கிறாள். மூவரும் ஒன்றையே செய்தால் மூவரில் இருவர் வேண்டாம்.

சென்ற வாரம் திருத்திய முதல் அத்தியாயத்தை அனுப்பியிருந்தாள். நாற்பது பக்கம் ஒன்பதாகியிருக்கிறது. மதகுகளின் எண்ணிக்கை போய்விட்டது. அங்காளி குழந்தைக்குத் தண்ணீர் கொடுக்கவில்லை. கதவைச் சாத்திவிட்டு, தாழ்ப்பாளில் கை வைத்தபடி நின்று, குழந்தை இறங்கிப் போகும் படிகளை எண்ணுகிறாள். இப்படி எழுதினால் வாசகருக்கு அவளைப் பிடிக்காமல் போய்விடுமோ என்று ஓரத்தில் பென்சிலால் கேட்டிருந்தாள். அந்தப் பக்கத்தை அப்படியே விட்டுவிடச் சொல்லிப் பதில் எழுதினேன்.