யுனோமினே: ஆன்சென் குளியலும் மலைநடையும், முதல்முறை போகிறவர்களுக்கு

ஜப்பான் போகிற நம்மவர்களில் பலர் டோக்கியோ, கியோட்டோ, ஒசாகா என்று சுற்றிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். வெந்நீர் ஊற்றில், அதாவது ஆன்சென்னில், குளிக்கும் ஆசை எல்லோருக்கும் இருக்கிறது. "உடம்பில் ஒட்டுத்துணி இல்லாமல் நாலு பேர் முன்னால் இறங்கணுமாமே" என்று கேள்விப்பட்டதும் அந்த ஆசை அடங்கிவிடுகிறது. அப்படித் தயங்குகிறவர்களுக்கு நான் சொல்கிற ஊர் யுனோமினே.

வகயாமா மாகாணத்தில், கீ தீபகற்பத்தின் மலைகளுக்கு நடுவே இருக்கிறது. ஒரு சின்ன ஓடை, அதன் கரையில் சில விடுதிகள், ஒரு புத்தர் கோயில், ஒரு பொதுக் குளியலகம். ஊரே அவ்வளவுதான். ஓடையின் ஓரத்தில் மரப்பலகையால் அடைத்த ஒரு குடிசை நிற்கும். அதற்குள் இருப்பது த்சுபோயு என்ற பாறைத் தொட்டி. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால் அரை மணி நேரம் அது உங்களுடையது, வேறு யாரும் வரமாட்டார்கள். குமானோ கோதோ என்ற பழைய யாத்திரைப் பாதையும் இந்த ஊரைத் தொட்டுத்தான் போகிறது. அந்தப் பாதைகளையும் கோயில்களையும் 2004இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்த்தபோது த்சுபோயுவும் அதில் சேர்ந்தது.

டோக்கியோவில் இருந்து பக்கம் என்பதால் ஹக்கோனேயைத்தான் எல்லோரும் சிபாரிசு செய்வார்கள். வசதியான ஊர்தான், கூட்டமும் அதற்கேற்ப இருக்கும். யுனோமினே எட்டாத தூரத்தில் இருக்கிறது. நான் அதைத் தேர்ந்தெடுக்க அந்தத் தூரமும் ஒரு காரணம்.

படி 1: மாதத்தைப் பாருங்கள், பிறகு அறையைப் பிடியுங்கள்

ஏப்ரல், மே, அக்டோபர், நவம்பர் நல்ல மாதங்கள். ஜூனில் மழைக்காலம் தொடங்கிவிடும். ஆகஸ்ட், செப்டம்பரில் புயல் பயம் உண்டு. கீ தீபகற்பம் ஜப்பானிலேயே அதிக மழை பெய்கிற பகுதிகளில் ஒன்று. 2011 செப்டம்பரில் வந்த புயல் இந்தப் பகுதியைப் புரட்டிப் போட்டது. குளிர்காலத்திலும் போகலாம், குளிருக்கு வெந்நீர் இன்னும் சுகம். ஆனால் சீக்கிரமே இருட்டிவிடுவதால் நடைக்கு நேரம் கம்மி.

குறைந்தது இரண்டு இரவு தங்குங்கள். ஓர் இரவு மட்டும் என்றால் பஸ்ஸில் உட்கார்ந்ததுதான் நினைவில் இருக்கும். விடுதிகள் குறைவு, அறைகள் அதைவிடக் குறைவு. இலையுதிர் காலத்துக்கும் வசந்தத்துக்கும் பல மாதம் முன்பே பதிவு செய்துவிட வேண்டும். தனபே நகரச் சுற்றுலா அமைப்பு நடத்தும் குமானோ டிராவல் தளத்தில் ஆங்கிலத்திலேயே பதிவு செய்யலாம். மின்ஷுகு என்று போட்டிருந்தால் அது குடும்பம் நடத்தும் சிறு விடுதி. இரவுச் சாப்பாடும் காலைச் சாப்பாடும் சேர்ந்த அறையையே எடுங்கள். ராத்திரி பசித்தால் போய்ச் சாப்பிட ஊரில் கடைகள் கிடையாது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

சைவம் சாப்பிடுகிறவர்கள் பதிவு செய்யும்போதே விவரமாக எழுதிவிட வேண்டும். "இறைச்சி வேண்டாம்" என்று மட்டும் சொன்னால் மீன் வரும். "மீனும் வேண்டாம்" என்றால் மீன் போகும், தாஷி வரும். தாஷி என்பது பெரும்பாலும் காய்ந்த சூரை மீன் சீவலில் எடுக்கும் சாறு. சூப்பு, குழம்பு, வேகவைத்த காய் எல்லாவற்றிலும் அது இருக்கும். அதனால் "இறைச்சி, மீன், மீன் தாஷி மூன்றும் வேண்டாம், முட்டை பரவாயில்லை" என்பதுபோல் ஒவ்வொன்றாக எழுதுங்கள். எல்லா விடுதியும் ஒத்துக்கொள்ளாது. முடியாது என்று சொன்னால் வேறு விடுதி பாருங்கள், அங்கே போய்ப் பேசிக்கொள்ளலாம் என்று நினைக்காதீர்கள்.

படி 2: போய்ச் சேர்வது

ஷின்-ஒசாகாவிலோ தென்னோஜியிலோ குரோஷியோ விரைவு ரயில் ஏறி கீ-தனபே நிலையத்தில் இறங்க வேண்டும். இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல் ஆகும். ரயில் தெற்கே போகும்போது வலது பக்க ஜன்னலில் கடல் தெரியும். கன்சாய் விமான நிலையத்தில் இறங்குகிறவர்கள் ஒசாகாவுக்குப் போகத் தேவையில்லை. ஹினெனோ நிலையத்தில் மாறிக்கொள்ளலாம்.

கீ-தனபேயில் இறங்கியதும் செய்ய வேண்டியவை இரண்டு. ஒன்று, கையில் பணம் எடுத்துக்கொள்வது. மலை மேலே கார்டை நம்ப முடியாது. இரண்டு, நிலையத்துக்குப் பக்கத்திலேயே இருக்கும் சுற்றுலா மையத்தில் பஸ் நேர அட்டவணையையும் நடைபாதை வரைபடத்தையும் வாங்கிக்கொள்வது. பஸ்கள் குறைவு. ஒன்றை விட்டால் அடுத்ததற்கு வெகுநேரம் காத்திருக்க வேண்டிவரும். எல்லா பஸ்ஸும் யுனோமினே வழியாகப் போவதில்லை, அதையும் கேட்டுக்கொள்ளுங்கள். பயணம் ஏறக்குறைய இரண்டு மணி நேரம், கடைசிப் பகுதி முழுக்க வளைவுகள். தலைசுற்றல் உள்ளவர்கள் மாத்திரையை முன்பே போட்டுக்கொள்ளலாம்.

நம்மூர் பஸ்போல் நடத்துநர் வரமாட்டார். ஏறும்போது வாசலில் இருக்கும் இயந்திரம் ஒரு துண்டுச் சீட்டு நீட்டும், அதை எடுத்துக்கொள்ளுங்கள். அதில் ஓர் எண் இருக்கும். ஓட்டுநருக்கு மேலே உள்ள பலகையில் அந்த எண்ணுக்குக் கீழே கட்டணம் ஏறிக்கொண்டே போகும். இறங்கும்போது அதில் காட்டும் தொகையையும் சீட்டையும் முன்னால் இருக்கும் பெட்டியில் போட வேண்டும். சில்லறை மாற்றும் வசதி அந்தப் பெட்டியிலேயே உண்டு. பஸ் நின்றிருக்கும்போதே மாற்றிக்கொள்ளுங்கள்.

படி 3: பையை வைத்ததும் டிக்கெட் வாங்குங்கள்

த்சுபோயுவுக்கு முன்பதிவு கிடையாது. பொதுக் குளியலகத்தின் கவுண்டரில் டிக்கெட் வாங்கினால் ஓர் எண் தருவார்கள். ஒரு குழுவுக்கு 30 நிமிடம். உள்ளே இரண்டு பேர் தாராளமாக இருக்கலாம், மூன்றாவது ஆள் என்றால் நெருக்கம்தான். கணவன் மனைவி, குழந்தையோடு பெற்றோர் என்று சேர்ந்தே போகலாம். மற்ற ஆன்சென்களில் பெரும்பாலும் ஆண் பெண் தனித்தனி என்பதால் குடும்பமாகக் குளிக்க இது நல்ல வாய்ப்பு. மாலையில் விடுதிக்காரர்கள் எல்லோரும் ஒரே நேரத்தில் வருவார்கள், காத்திருக்க வேண்டியிருக்கும். விடியற்காலையில் போனால் சீக்கிரம் கிடைக்கும்.

படி 4: காத்திருக்கும் நேரத்தில் முட்டை அவியுங்கள்

ஓடையோரத்தில் கல்லும் மரமும் வைத்துக் கட்டிய ஒரு தொட்டி இருக்கும். பெயர் யுசுத்சு. அதில் பொங்குவது சுமார் 90 டிகிரி வெந்நீர். குளிக்கும் இடம் இல்லை இது, ஊரின் அடுப்பு. பக்கத்துக் கடையில் முட்டையைச் சின்ன வலைப்பையில் போட்டே விற்பார்கள். பையின் கயிற்றை ஓரத்தில் மாட்டிவிட்டுத் தண்ணீருக்குள் இறக்கிவிடுங்கள். பன்னிரண்டு நிமிடம் போல ஆகும். எடுத்து உரித்தால் கந்தக வாசனை லேசாக ஏறியிருக்கும், உப்புத் தொட்டுச் சாப்பிடலாம். சர்க்கரைவள்ளிக் கிழங்கும் போடலாம், அதற்கு அரை மணிக்கு மேல் தேவை. சைவக்காரர்கள் தனபேயில் கடையைப் பார்த்தால் இரண்டு கிழங்கு வாங்கிப் பையில் போட்டுக்கொள்ளுங்கள். மழைநாள் பிற்பகலில், ஆவி முகத்தில் அடிக்க, உள்ளூர்ப் பாட்டி ஒருவர் கீரைக் கட்டை நுனி மட்டும் முக்கி எடுப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்கலாம்.

படி 5: குளியல்

முதலில் நகை. வெள்ளிக் கொலுசு, மெட்டி, அரைஞாண், மோதிரம் எல்லாவற்றையும் விடுதியிலேயே கழற்றி வைத்துவிடுங்கள். கந்தக நீர் பட்டால் வெள்ளி கறுத்துவிடும்.

உங்கள் முறை வந்ததும் எண் பலகையைக் குடிசை வாசலில் மாட்டிவிட்டு உள்ளே போய்த் தாழ் போடுங்கள். துணிகளை வைக்கச் சின்ன இடம் உண்டு. படியிறங்கினால் தொட்டி. தண்ணீர் பால் கலந்த மாதிரி, சில சமயம் நீலச் சாயலில் இருக்கும். ஒரு நாளில் ஏழு முறை நிறம் மாறும் என்பது ஊர்ப் பேச்சு. சோப்பு, ஷாம்பூ இரண்டுக்கும் அனுமதியில்லை. அங்கே இருக்கும் வாளியால் தண்ணீர் மொண்டு காலில் தொடங்கி உடம்பு முழுக்க ஊற்றிக்கொண்ட பிறகே இறங்க வேண்டும். சுத்தத்துக்காகவும் அது, உடம்பு சூட்டுக்குப் பழகுவதற்காகவும் அது. இறங்கிப் பார்த்துச் சுட்டால் குளிர்ந்த நீர்க் குழாயைத் திறந்து கலந்துகொள்ளுங்கள். நிறையத் திறந்துவிடாதீர்கள், அடுத்து வருகிறவருக்கு வெந்நீர் மிஞ்ச வேண்டும்.

ஐந்து நிமிடம் உட்காருங்கள், எழுந்து விளிம்பில் உட்காருங்கள், மறுபடி இறங்குங்கள். முப்பது நிமிடமும் உள்ளேயே கிடந்தால் எழும்போது கண் இருட்டிவிடும். வயிறு நிறையச் சாப்பிட்ட உடனேயும் குடித்த பிறகும் வேண்டாம். இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுக்கொண்டு போவது நல்லது.

இந்தத் தொட்டிக்கு ஒரு கதை உண்டு. ஒகுரி ஹங்கான் என்ற வீரனுக்கு நஞ்சு வைத்துவிட்டார்கள். பேச்சு மூச்சின்றி உருக்குலைந்து கிடந்தவனை வண்டியில் வைத்து வழிநெடுக ஆட்கள் இழுத்து வந்தார்கள். அவன் காதலி தெருதே அவன் யாரென்று அறியாமலே அந்த வண்டியை இழுத்தவர்களில் ஒருத்தி. இங்கே 49 நாள் குளித்து அவன் பழைய உருவம் பெற்றான் என்கிறது கதை.

த்சுபோயுவில் கூச்சம் தெளிந்துவிட்டால் அதே டிக்கெட்டில் பொதுக் குளியலகத்துக்கும் போய்ப் பாருங்கள். அங்கே ஆணும் பெண்ணும் தனித்தனி. சின்ன முக்காலியில் உட்கார்ந்துதான் உடம்பு தேய்க்க வேண்டும், நின்றுகொண்டு தேய்த்தால் பக்கத்தில் இருப்பவர் மேல் தெறிக்கும். நீள முடியைத் தூக்கிக் கட்டுங்கள். கைத்துண்டு தண்ணீருக்குள் போகக் கூடாது. மடித்துத் தலைமேல் வைத்துக்கொள்ளலாம், எல்லோரும் அப்படித்தான் செய்கிறார்கள். யாரும் யாரையும் பார்ப்பதில்லை, இரண்டாவது நிமிடத்தில் அது உங்களுக்கே புரிந்துவிடும்.

விடுதியில் தரும் யுகாதா அங்கியை இடப்பக்கம் மேலே வருமாறு மடித்துக் கட்டுங்கள். வலப்பக்கம் மேலே வந்தால் அது பிணத்துக்கு உடுத்தும் முறை. இரவுச் சாப்பாடு ஆறு மணிக்கே வந்துவிடும். காலையில் சில விடுதிகளில் ஊற்றுநீரில் வைத்த அரிசிக் கஞ்சி தருவார்கள். வீட்டு ஊறுகாய் ஒரு துண்டு கையில் இருந்தால் அந்தக் கஞ்சிக்கு நிகரில்லை.

படி 6: நடை, ஹொஷின்மோன்-ஓஜியில் இருந்து ஹொங்கு வரை

குமானோ கோதோ என்றதும் பல நாள் மலையேற்றம் என்று பயப்பட வேண்டாம். புதியவர்கள் கடைசி 7 கி.மீ. மட்டும் நடந்தால் போதும். யாத்திரை முடிகிற பெரிய கோயில் இருக்கும் ஊர் ஹொங்கு. காலை பஸ்ஸில் அங்கே போய், அங்கிருந்து ஹொஷின்மோன்-ஓஜி பஸ்ஸைப் பிடியுங்கள். ஓஜி என்பவை யாத்திரைப் பாதையில் வரிசையாக வரும் சின்னக் கோயில்கள். அங்கிருந்து பெரும்பாலும் இறக்கம்தான். நிதானமாக நடந்தால் மூன்று மணி நேரம்.

பாதை முதலில் மலைக்கிராமத்தின் வழியே போகும். தேயிலைச் செடி, காய்கறிப் பாத்தி, வீட்டு வாசலில் ஆள் இல்லாத சின்னக் கடை. உமேபொஷி என்ற, உப்பிட்டுக் காயவைத்த புளிப்பு உமே பழமோ, பருவத்தில் ஆரஞ்சோ வைத்திருப்பார்கள். எடுத்துக்கொண்டு காசை டப்பாவில் போட வேண்டியதுதான். பிறகு தேவதாரு போன்ற நெடிய சுகி மரங்கள் அடர்ந்த காடு. 500 மீட்டருக்கு ஒன்றாக எண் போட்ட கம்பம் நிற்கும். தப்பான பிரிவில் "இது குமானோ கோதோ இல்லை" என்று ஆங்கிலத்திலேயே பலகை வைத்திருக்கிறார்கள். வழி தவறுவது கஷ்டம். ஓஜிகளில் மரப்பெட்டிக்குள் முத்திரைக் கட்டை இருக்கும், யாத்திரை அட்டையில் குத்திக்கொள்ளலாம். குழந்தைகளோடு போனால் அவர்களை நடக்க வைக்க இதைவிட நல்ல தந்திரம் இல்லை.

காலில் பிடிப்புள்ள காலணி கட்டாயம். பாசி படிந்த கல் மழையில் வழுக்கும். செருப்பு போட்டு நடக்கலாம் என்று பார்த்தால் முதல் இறக்கத்திலேயே தெரிந்துவிடும். கோடையில் மாமுஷி என்ற விரியன் பாம்பும், இலையுதிர் காலத்தில் பெரிய குளவிகளும் உண்டு. பாதையை விட்டுப் புதரில் கால் வைக்காதீர்கள். குளவி சுற்றினால் கையை வீசாமல் மெதுவாக விலகுங்கள்.

ஃபுஷியோகாமி-ஓஜி வரும்போது நின்றுவிடுங்கள். பழைய யாத்ரீகர்கள் ஹொங்கு கோயிலை முதலில் கண்டு மண்டியிட்டு வணங்கிய இடம். அதற்கப்பால் சற்றுத் தூரத்தில் ஒரு கிளைப்பாதை பார்வைமேடைக்குப் போகும். அங்கிருந்து கீழே ஆற்றங்கரையில் ஒயுனோஹாரா என்ற பழைய கோயில் இடத்தின் பெரிய தோரி, அதாவது கோயில் நுழைவாயில், தெரியும். உயரம் 33.9 மீட்டர், 2000இல் எழுப்பியது. கோயில் முதலில் அந்த ஆற்றுமணலில்தான் இருந்தது. 1889 வெள்ளம் பெரும்பகுதியை அடித்துப் போனதும், தப்பியதை மேட்டுக்கு நகர்த்திக் கட்டினார்கள். இப்போதுள்ள கோயிலுக்கு ஏற 158 படி. கொடிகளில் மூன்று கால் காகம் ஒன்றைப் பார்ப்பீர்கள். அது யாத்தாகராசு, ஜப்பான் கால்பந்துச் சங்கத்தின் சின்னத்திலும் இருப்பது.

படி 7: தெம்பு இருந்தால் மலை தாண்டித் திரும்புங்கள்

ஹொங்குவில் சாப்பிட்டு முடித்தபின் இரண்டு வழி. பஸ்ஸில் சுமார் கால் மணி நேரத்தில் யுனோமினே போய்விடலாம். அல்லது ஒயுனோஹாரா அருகில் தொடங்கும் தைனிச்சி-கோயே பாதையில் 3.4 கி.மீ. நடக்கலாம். தூரம் குறைவுதான், ஆனால் ஏறவும் இறங்கவும் செங்குத்து. இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள். பிற்பகல் மூன்றுக்கு மேல் கிளம்ப வேண்டாம், காட்டுக்குள் வெளிச்சம் முன்னமே போய்விடும். ஏப்ரல் 13இல் வந்தால் இதே பாதையில் தகப்பன்மார் சின்னஞ்சிறு மகன்களைத் தோளில் தூக்கிக்கொண்டு ஊர்வலமாக நடப்பதைப் பார்க்கலாம். கோயிலின் வசந்தத் திருவிழாவின் முதல் நாள் அது. குழந்தையின் கால் மண்ணில் படக் கூடாது என்பது வழக்கம்.

நடந்து இறங்கினால் நேரே யுனோமினேயில்தான் வந்து நிற்பீர்கள். முழங்கால் கெஞ்சும். த்சுபோயுவில் கூட்டம் இருந்தால் பொதுக் குளியலகத்தில் குசுரியு, அதாவது மருந்துக் குளியல், என்ற தனிப் பகுதிக்குப் போங்கள். அங்கே ஊற்றுநீரில் வேறு நீர் சேர்ப்பதில்லை, ஆறவைத்து மட்டும் விடுகிறார்கள். அங்கும் சோப்புக்கு அனுமதியில்லை.

திரும்பும்போது வந்த வழியே தனபே போக வேண்டும் என்பதில்லை. கிழக்கே ஷிங்கு நகருக்குப் பஸ் உண்டு, ஒரு மணி நேரத்துக்குச் சற்று மேல். அங்கிருந்து ரயிலில் கீ-கத்சுவூரா போய், இன்னொரு பஸ் பிடித்தால் 133 மீட்டர் உயர நாச்சி அருவி. குரோஷியோ ரயில் அந்தக் கத்சுவூராவில் இருந்தே ஒசாகாவுக்கு ஓடுகிறது. ஒசாகா போய்ச் சேர நான்கு மணி நேரம் பிடிக்கும் என்பதால், மறுநாள் விமானம் இருந்தால் மட்டும் இந்த வழியை எடுங்கள்.