பழைய ஜீப்புக்கு டயர் வாங்கும் முன் பல்லை எண்ணுங்கள்

கோத்தகிரி பக்கம் பழைய ஜீப்பைத் தூக்கி நிறுத்துகிறவர்கள் பெரும்பாலும் முதலில் போய் நிற்பது டயர் கடையில்தான். பெரிய டயர் போட்டால் வண்டி எடுப்பாக இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் கொழுந்து மூட்டையோடு எஸ்டேட் ஏற்றத்தில் திணறி நிற்கும்போது அந்த எடுப்பை வைத்து என்ன செய்ய? கியர் கணக்கு முதலில், டயர் அப்புறம்.

இங்கே சொல்வது மூன்று கியர் பெட்ரோல் சிஜே-3பி மாடல் ஜீப்புக்கு. இன்ஜின், கிளட்ச் வேலை முடிந்துவிட்டது என்று வைத்துக்கொள்கிறேன்.

ஆக்சில் ரேஷியோ பார்ப்பது

ஆக்சிலுக்குள் சக்கரத்தைச் சுற்றும் பெரிய பல்சக்கரம் கிரவுன், அதைச் சுற்றும் சின்னது பினியன். இரண்டின் பல்லை வகுத்தால் வருவது ரேஷியோ; எண் கூடினால் இழுவை கூடும். சிஜே-3பிக்கு உரியது 43 பல் கிரவுன், 8 பல் பினியன்; அதாவது 5.38. பழைய மிலிட்டரி வில்லிஸில் 39-க்கு 8, அதாவது 4.88. உங்கள் வண்டியில் இருப்பது எது என்பதை ஆர்.சி. புத்தகம் சொல்லாது. இத்தனை வருடத்தில் எத்தனை கை மாறியதோ, எந்த உடைசல் வண்டியின் ஆக்சில் ஏறியதோ!

ஆக்சில் கவரைக் கழற்றாமலே பார்க்கலாம். சமதளத்தில் நிறுத்தி, முன் சக்கரங்களுக்கு இருபுறமும் கல் வையுங்கள். ஒரே ஒரு பின் சக்கரத்தை மட்டும் தூக்குங்கள். எனக்கு பாட்டில் ஜாக்தான் பிடிக்கும். ஸ்க்ரூ ஜாக் மண் தரையில் சாயும். ஆக்சிலுக்கு அடியில் மரக்கட்டையும் கட்டாயம் வேண்டும். கியர் நியூட்ரல். ஹேண்ட்பிரேக்கையும் விட வேண்டும், ஏனென்றால் இந்த ஜீப்பில் அது சக்கரத்தைப் பிடிப்பதில்லை. முன், பின் ஆக்சில்களுக்கு விசையைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸுக்குப் பின்னால், ஆக்சிலுக்குப் போகும் புரொப்பல்லர் ஷாஃப்டைத்தான் பிடிக்கிறது. அதனால்தான் கல்லை நன்றாக அண்டக் கொடுக்கச் சொன்னேன்.

டயரில் ஒரு சாக்பீஸ் கோடு, புரொப்பல்லர் ஷாஃப்டில் ஒரு கோடு. பலரும் குழம்புவது இங்கேதான். சக்கரத்தை ஒரு சுற்று சுற்றுவார்கள். ஷாஃப்ட் இரண்டே முக்கால் கூடச் சுற்றாது. உடனே யாரோ கார் கியரை மாட்டிவிட்டார்கள் என்று மெக்கானிக்கைத் திட்டத் தொடங்கிவிடுவார்கள். எதிர்ச் சக்கரம் தரையில் நிற்பதால், இரு சக்கரத்துக்கும் சுற்றைப் பிரிக்கும் டிஃபரன்ஷியலின் கணக்குப்படி தூக்கிய சக்கரம் இரண்டு சுற்று சுற்றினால்தான் கிரவுன் ஒரு சுற்று வரும். பின்னத்தை ஊகிக்கும் தலைவலியே வேண்டாம் என்றால், சக்கரத்தைப் பதினாறு முறை சுற்றுங்கள். ஷாஃப்ட் 43 சுற்று வந்தால் 5.38, 39 வந்தால் 4.88. எண்ண இன்னொருவர் வேண்டும். வீட்டில் பள்ளிக்கூடப் பிள்ளை இருந்தால் வசதி.

முன் ஆக்சிலுக்கும் இதையே செய்யுங்கள், பின் சக்கரங்களுக்குக் கல் வைத்து. சோம்பல்பட்டு விடாதீர்கள். முன்னும் பின்னும் வேறு வேறாக இருந்து, தார் ரோட்டில் ஃபோர்வீல் போட்டால் இரண்டும் ஒன்றையொன்று இழுத்துக்கொள்ளும். ஸ்டியரிங் இறுகும், ஷாஃப்ட் மூட்டில் உள்ள கிராஸ் உடையும். மாற்றுவதென்றால் கிரவுன், பினியன் இரண்டையும் ஒரே ஜோடியாக வாங்குங்கள். தனித்தனியாகச் சேர்த்தால் ஊளையிடும்.

டயர் அளவு

ஒரிஜினல் 6.00-16 (டயர் அகலம் 6 அங்குலம், ரிம் 16 அங்குலம்), விட்டம் ஏறக்குறைய 730 மி.மீ. ஆசைப்படுவது 7.00-16, சுமார் 780. இந்த மாற்றத்தில் இழுவை குறைந்து, 5.38 இருப்பது 5.03 போல நடந்துகொள்ளும். 4.88 என்றால் 4.56 ஆகிவிடும். ஊட்டி உயரத்தில் காற்றின் அடர்த்தியே கடல்மட்டத்தைவிட ஐந்தில் ஒரு பங்கு குறைவு. இன்ஜின் ஏற்கெனவே மூச்சு வாங்கிக்கொண்டிருக்கும்.

இறக்கம் இன்னும் முக்கியம். ஊட்டியிலிருந்து மசினகுடிக்கு இறங்கும் கல்லட்டி மலைப்பாதையில் 36 கொண்டை ஊசி வளைவுகள். இந்த கியர்பாக்ஸில் ஃபர்ஸ்டுக்கு, பற்களின் வேகத்தை ஒன்றாக்கி கியரை விழவைக்கும் சின்க்ரோ கிடையாது, ஓட்டத்தில் லேசில் விழாது. செகண்டை நம்பித்தான் இறங்க வேண்டும். டயர் பெரிதானால் செகண்டின் பிடிப்பும் குறையும், பிரேக்கின் பிடிப்பும் குறையும். 4.88 வைத்திருப்பவர்கள் 6.00-ஐத் தாண்ட வேண்டாம் என்பது என் கட்சி. 5.38 என்றால் 7.00 போடலாம், ஆனால் ஸ்டியரிங்கை முழுதாக ஒடித்து, டயர் ஸ்பிரிங் பட்டையில் உரசுகிறதா என்று பாருங்கள்.

அகல டயர் மோகமும் வேண்டாம். மழையில் நம் செம்மண் பாதை மேலே வழுக்கும், அடியில் கெட்டியாக இருக்கும். ஒல்லி டயர் சேற்றை அறுத்துக்கொண்டு அடியைப் பிடிக்கும்.

கடையில் கவனம்

6.00-16 கேட்டால் சில கடைகளில் மூன்று கோடு போட்ட டிராக்டர் முன் டயரை எடுத்து வைப்பார்கள். அளவு சரிதான், ரிம்மிலும் உட்காரும். ஆனால் அது வயலுக்கும் மெதுவான ஓட்டத்துக்கும் செய்தது. மலை ரோட்டுக்கு ஆகாது. ஜீப் டயர்தானா என்று பாருங்கள். பக்கவாட்டில் நான்கு இலக்கத் தேதி இருக்கும்: 2319 என்றால் 2019-இன் 23-ஆம் வாரம். பழைய ஸ்டாக் என்றால் விலை குறைத்தாலும் வேண்டாம்.

பிற்சேர்க்கை

சேற்றில் காற்றைக் குறைக்கலாமா என்று சிலர் கேட்டிருந்தார்கள். கொஞ்சம் குறைக்கலாம். ஆனால் இவை டியூப் டயர்கள். ரொம்பக் குறைத்தால் டயர் ரிம்மில் நழுவி, டியூபையும் இழுத்து, வால்வை வேரோடு பிடுங்கிவிடும். வால்வு மௌத் நேராக நிற்காமல் சாயத் தொடங்கினால், அங்கேயே நிறுத்திக் காற்றடியுங்கள்.