டாலரை அறுபதால் பெருக்காதீர்கள்: டொராண்டோ வந்த புதிதில் மளிகைக் கணக்கில் நேரும் தவறுகள்

கனடாவின் டொராண்டோவுக்கு வந்த முதல் வாரம். நகரின் கிழக்கே ஸ்கார்பரோ பகுதியில் ஒரு கடையில் காலிஃபிளவரைக் கையில் எடுத்தேன். ஐந்து டாலர். மனசு உடனே அதை ரூபாயாக்க அறுபதால் பெருக்கியது. ஒரு பூவுக்கு முந்நூறு ரூபாயா என்று திரும்ப வைத்துவிட்டேன். அன்று முட்டை, ரொட்டி, நூடுல்ஸ் மட்டும் வாங்கிக்கொண்டு வந்தோம். அடுத்த வாரமும் அப்படித்தான், அதற்கடுத்த வாரமும் அப்படித்தான். பிள்ளைகள் தட்டில் காயே இல்லாமல் போனதற்கு அந்தப் பெருக்கல்தான் காரணம். புதிதாக வருகிற குடும்பங்களில் இதையே திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். வருத்தமாக இருக்கிறது, அதனால்தான் எழுதுகிறேன்.

பாலை எடுத்துக்கொள்வோம். ஊரில் ஆவின் நீல பாக்கெட் லிட்டர் 40 ரூபாய் என்று வாங்கிப் பழகியவர்கள் நாம். டொராண்டோ இருக்கிற ஒன்டாரியோ மாகாணத்தில் 4 லிட்டர் பால், மூன்று பைகளாக ஒரே உறைக்குள் போட்டு, சுமார் 6 டாலருக்கு விற்கிறது. ரூபாயில் பார்த்தால் லிட்டர் 90, இரண்டு மடங்குக்கும் மேல். இப்போது வேலை நேரத்தால் பாருங்கள். ஒன்டாரியோவில் குறைந்தபட்ச ஊதியம் 2025 அக்டோபர் முதல் மணிக்கு 17.60 டாலர். அந்தச் சம்பளத்தில் சுமார் இருபது நிமிட வேலைக்கு 4 லிட்டர் பால் வந்துவிடும். ஊரில் எட்டு மணி நேரம் கடையில் நின்று 500 ரூபாய் வாங்குகிறவர் அதே 4 லிட்டருக்கு இரண்டரை மணி நேரம் உழைக்க வேண்டும்.

அதற்காக இங்கே எல்லாம் மலிவு என்று முடிவு கட்டிவிடவும் கூடாது. சம்பளத்தின் பெரும்பகுதியை வீட்டு வாடகை கொண்டுபோய்விடும். வாடகை, பஸ், போன் எல்லாம் போக மிச்சம் எவ்வளவு, அதில் சாப்பாட்டுக்கு எவ்வளவு என்பதுதான் உண்மையான கணக்கு. வேலை கிடைக்காமல் ஊரிலிருந்து கொண்டுவந்த சேமிப்பில் ஓடுகிற மாதங்களில் ரூபாய்க் கணக்கு தேவைதான், மறுக்கவில்லை. ஆனால் அதை மாத மொத்தத்துக்குப் போடுங்கள், தக்காளிக்கும் கேரட்டுக்கும் தனித்தனியாகப் போடாதீர்கள். ஒவ்வொரு காயாகப் பெருக்கினால் முதலில் கூடையிலிருந்து இறங்குவது காயும் பழமும்தான். பிஸ்கட் இறங்காது.

அடுத்தது பவுண்டு. காய்கறிப் பலகையில் பெரிய எழுத்தில் 1.49 என்று இருக்கும். அது கிலோ விலை இல்லை, பவுண்டு விலை. ஒரு பவுண்டு என்பது சுமார் 454 கிராம். கீழே சின்ன எழுத்தில் கிலோ 3.28 என்று எழுதியிருப்பார்கள். நான் இரண்டு கிலோ தக்காளி மூன்று டாலர் என்று நினைத்து எடுத்துப்போய், பில்லில் 6.56 பார்த்துத் திகைத்து நின்றிருக்கிறேன். ரசீதில் எடையும் விலையும் கிலோவில்தான் வரும். அரிசி மூட்டையிலும் இதே சிக்கல். 40 பவுண்டு மூட்டையை இருபது கிலோ என்று பலர் சொல்வார்கள், உள்ளே இருப்பது 18.14 கிலோ. ஒரு கடையில் 40 பவுண்டு, இன்னொரு கடையில் 20 கிலோ என்றால் மூட்டை விலையை நேராக ஒப்பிடவே கூடாது. பாக்கெட் பொருட்களுக்கு அலமாரிச் சீட்டில் 100 கிராமுக்கு எவ்வளவு என்று ஓர் ஓரத்தில் போட்டிருப்பார்கள். பக்கத்து மாகாணமான கியூபெக்கில் அது சட்டப்படி கட்டாயம், ஒன்டாரியோவில் கட்டாயம் இல்லை. இல்லாத இடத்தில் போனை எடுத்து வகுத்துப் பாருங்கள்.

வரி விஷயம் சீக்கிரம் சொல்லிவிடலாம். சீட்டில் இருக்கிற விலையில் வரி சேராது. அரிசி, பருப்பு, காய், பால், முட்டைக்கு வரி கிடையாது. சிப்ஸ், சோடா, சாக்லேட்டுக்கு 13 சதவீதம் உண்டு. பச்சை வேர்க்கடலைக்கு வரி இல்லை, உப்பு வேர்க்கடலைக்கு உண்டு. சோப்பும் துணி பவுடரும் அதே பில்லில் வரும், அவற்றுக்கும் 13 சதவீதம். அதனால் சாப்பாட்டுச் செலவை எழுதும்போது பில்லின் கடைசியில் இருக்கிற மொத்தத்தை அப்படியே எழுதாதீர்கள்.

ஊர் விலை என்று நாம் மனசில் வைத்திருப்பதும் சரியாக இருப்பதில்லை. அது நாம் கிளம்பிய நாளின் விலை. 2023 ஜூலையில் சென்னையில் தக்காளி கிலோ நூறு ரூபாயைத் தாண்டியபோது இங்கே இருந்தவர்கள் இருபது ரூபாய்த் தக்காளியை நினைத்து ஏங்கிக்கொண்டிருந்தார்கள். அதே ஜூலை 20ஆம் தேதி இந்தியா பாஸ்மதி அல்லாத வெள்ளை அரிசி ஏற்றுமதியைத் தடை செய்தது. இங்கே சிலர் பதறிப்போய் மூட்டை மூட்டையாக வாங்கி அடுக்கினார்கள். அந்தத் தடை 2024 செப்டம்பரில் நீங்கியது. அந்த மாதிரி ஒரு சமயத்து விலையை வைத்து ஒரு நாட்டையே எடைபோட முடியாது. பருவமும் அப்படித்தான். ஜனவரியில் காய்கள் கலிஃபோர்னியாவிலிருந்தும் மெக்சிகோவிலிருந்தும் வருகின்றன. ஆகஸ்டில் ஒன்டாரியோ தோட்டத்துத் தக்காளியும் சோளமும் வரும். நான் திரும்ப வைத்த காலிஃபிளவர் குளிர்காலத்துக் காலிஃபிளவர். செப்டம்பரில் அதை நிம்மதியாக வாங்கினேன்.

என்னைக் கேட்டால், எல்லாவற்றிலும் அதிகம் பணம் போவது ஊர்ச் சமையலை அதே பொருட்களோடு இங்கே நடத்தப் பார்ப்பதில்தான். துவரம்பருப்பு கடல் தாண்டி வருகிறது. மைசூர் பருப்பு இந்த நாட்டுச் சஸ்காச்சவன் மாகாணத்திலேயே விளைகிறது. உலகத்திலேயே அதிகமாக இந்தப் பருப்பு வகையை ஏற்றுமதி செய்வது கனடாதான். வாரத்தில் மூன்று நாள் சாம்பாருக்கு அதைப் போடுங்கள். சீக்கிரம் வெந்துவிடும், புளி மட்டும் கொஞ்சம் குறைத்துக்கொள்ள வேண்டியிருக்கும். யாழ்ப்பாணத்துக் குடும்பங்களில் பருப்பு என்றாலே பெரும்பாலும் இதுதான், அவர்கள் தேங்காய்ப்பால் விட்டு வைக்கிற பருப்புக் கறியை ஒரு தடவை சாப்பிட்டுப் பாருங்கள். இங்கே விளைகிற முட்டைக்கோஸ், கேரட், பீட்ரூட்டில் பொரியலுக்குக் குறையே இல்லை. முருங்கைக்காயையும் சின்ன வெங்காயத்தையும் வாரக் கணக்கிலிருந்து மாதக் கணக்குக்கு மாற்றினோம், எங்கள் வீட்டில் யாரும் வாடவில்லை. கறிவேப்பிலையில்தான் எனக்கு இன்னும் மனசு ஆறவில்லை. ஊரில் காய்க்காரம்மா கொசுறாகக் கொடுத்தது இங்கே பாக்கெட்டில் காசுக்கு வருகிறது. அதை வாங்கியதும் கழுவி, ஈரம் துடைத்து, பாதியை ஃப்ரீசரில் வையுங்கள். தாளிக்க நன்றாகவே இருக்கும்.

இணையத்தில் நாட்டுக்கு நாடு விலை ஒப்பிடுகிற பட்டியல்கள் இருக்கின்றன. மாட்டிறைச்சி, வைன், சீஸ் எல்லாம் அதில் வரும், உளுந்தும் புளியும் வராது. உங்கள் பட்டியலை நீங்களே போடுங்கள். அரிசி, பருப்பு, எண்ணெய், பால், முட்டை, வெங்காயம், தக்காளி என்று மாதம் தவறாமல் வாங்குகிற பத்துப் பன்னிரண்டு பொருள் போதும். இரண்டு மூன்று கடைகளின் விலையைக் கிலோவுக்கு மாற்றி நோட்டில் எழுதுங்கள். வாரச் சலுகைத் தாள் இங்கே பெரும்பாலும் வியாழனில் தொடங்கிப் புதனில் முடியும். நோட்டு இருந்தால்தான் அந்தச் சலுகை உண்மையிலேயே குறைந்த விலையா, வழக்கமான விலையையே சிவப்பு எழுத்தில் போட்டிருக்கிறார்களா என்று தெரியும்.

மலிவான கடை தூரத்தில் இருந்தால் பஸ் காசையும் சேருங்கள். இங்கே பஸ் காசு கட்டப் பயன்படுகிற பிரெஸ்டோ அட்டையில் ஒரு பயணம் 3.30 டாலர், ஆனால் இரண்டு மணி நேரத்துக்குள் எத்தனை முறை ஏறினாலும் அதே காசுதான். போய் வாங்கித் திரும்பிவிடலாம். ஒரு டாலர் மிச்சப்படுத்த மூன்று கடை அலைவதில் அர்த்தம் இல்லை.

அப்புறம், ஸ்கார்பரோவின் தமிழ்க் கடைகள் பெரும்பாலும் இலங்கைத் தமிழர்களுடையவை. காராமணிக்காய் இல்லை என்று நினைத்துத் திரும்பாதீர்கள், பயற்றங்காய் என்று கேளுங்கள். காய்கறியை மரக்கறி என்பார்கள், வேர்க்கடலையைக் கச்சான் என்பார்கள். எந்தக் கிழமை புது மரக்கறி இறங்குகிறது என்று கேட்டாலும் சொல்வார்கள்.