கண்ணால் மொழி கேட்பவர்கள்: மொழியியல் தொடக்கநிலையில் விடும் பிழைகள்

மொழியியல் படிக்கத் தொடங்கும் பிள்ளைகளின் முதல் ஒப்படையில் ஒரே பிழை பல வேஷத்தில் வரும். மொழியை எழுத்தாகப் பார்ப்பதுதான் அது.

‘தமிழில் 247 ஒலிகள் உண்டு’ என்ற வாக்கியத்தை எடுங்கள். 247 எழுத்துகளின் கணக்கு. அதில் 216 உயிர்மெய். ஒவ்வொன்றும் இரண்டு ஒலிகளைச் சேர்த்து எழுதும் வடிவம். மறுபக்கம், ஒரே எழுத்துக்குப் பல ஒலிகள்: பக்கம், பங்கு, மகன் மூன்றையும் சொல்லிப் பாருங்கள், ககரம் மூன்று விதமாக ஒலிக்கும். எந்த இடத்தில் எது வரும் என்பதைச் சூழலே முடிவுசெய்வதால், அவை மூன்றும் சேர்ந்து ஓர் ஒலியன், அதாவது பொருளை வேறுபடுத்தும் ஓர் ஒலி அலகு.

ஒலியனைப் பிடிக்கிற வழி வேறு. ஒலி ஒன்றை மட்டும் மாற்றிப் பொருள் மாறுகிறதா என்று பார்க்க வேண்டும். பத்து, பற்று, பட்டு. முதலாவதில் நாநுனி மேற்பல்லின் பின்புறத்தைத் தொடும். இரண்டாவதில் பல்லுக்கு மேலேயுள்ள முரசில் (ஈறு). மூன்றாவதில் நாக்கு இன்னும் பின்னால் வளைந்து அண்ணத்தை முட்டும். மூன்று ஒலி, மூன்று பொருள், ஆகவே மூன்று ஒலியன்கள். யாழ்ப்பாணத்தார் ‘காற்று’ என்பதில் ற்ற இன்றும் முரசொலிதான்; தமிழ்நாட்டுப் பேச்சில் அது பெரும்பாலும் ‘காத்து’ ஆகிவிட்டது.

டொராண்டோ, டயர், டார்ச் என்பவற்றை யாழ்ப்பாணத்தார் நாங்கள் ரொறன்ரோ, ரயர், ரோச் என்று எழுதுவதைப் பார்த்துச் சிரிப்பவர்கள் கவனிக்க: ஆங்கிலத்தின் அந்த t ஒலி பிறப்பதும் முரசில்தான். எங்கள் காதுக்கு அது டகரமாகப் படவில்லை. கைக்கு எட்டிய றகர ரகரங்களை எடுத்துக்கொண்டோம்.

அடுத்தது, பேச்சைக் ‘கொச்சை’ என்று தள்ளுவது. எங்கள் பேச்சில் ஒன்று ஒண்டு ஆகும்; அதேபோல மூன்று மூண்டு, கன்று கண்டு, நின்று நிண்டு, என்று எண்டு. இவ்வளவு ஒழுங்காக ஒருவரும் ‘பிழை’ விடமாட்டார்கள். இது ஒலிமாற்ற விதி. இலக்கணமும் அப்படியே. எழுத்துத் தமிழில் ‘அவை’ அஃறிணை. இங்கே ‘அவை வருகினம்’ என்றால் வருவது ஆட்கள். மாடுகளுக்கு ‘வருகினம்’ போடுவதில்லை என்பது பள்ளிக்கூடம் போகாத பிள்ளைக்கும் தெரியும்.

‘யாழ்ப்பாணத் தமிழே தூய தமிழ்’ என்பது இன்னொரு பொறி. தொல்காப்பியம் சொல்லும் அ, இ, உ என்ற மூன்று சுட்டும் அது, இது, உது (இரண்டுக்கும் இடைப்பட்டது) என்று இங்கே உயிரோடு இருப்பது உண்மை. ஆனால் ‘உது’ என்று சொல்பவர் கதிரையில் (நாற்காலி) இருந்து பாண் (ரொட்டி) சாப்பிடுகிறார், கதிரை, பாண் இரண்டும் போர்த்துக்கேயம். முன்பு வேலைக்குப் போன கந்தோர் (அலுவலகம்) ஒல்லாந்தச் சொல். பேசுவதை நாங்கள் சொல்லும் ‘கதைக்கிறது’ என்பதிலுள்ள கதையே வடமொழி. பழமை வேறு, தூய்மை வேறு. ஒண்டு என்ற வடிவமும் புதிதுதான்.

சைகை மொழியைத் தமிழின் கைவடிவம் என்று எழுதாதீர்கள். சைகை மொழிகளுக்குச் சொந்த இலக்கணம் உண்டு.

தரவு சேகரிக்கும்போது கெடுவதுதான் அதிகம். ‘மூன்று என்பதை எப்படிச் சொல்வீர்கள்?’ என்று கேட்டால் பெரியவர் நிமிர்ந்திருந்து ‘மூன்று’ என்றே சொல்வார். எழுத்துக்கு ஒன்று, வீட்டுக்கு ஒன்று என்ற இந்த நிலையை 1959இல் அமெரிக்க மொழியியலாளர் ஃபெர்குசன் அரபு, கிரேக்கம், சுவிஸ் ஜெர்மன், ஹெயிட்டி மொழிநிலைகளை வைத்து விளக்கினார். தமிழுக்கும் அது பொருந்தும். ஆகவே மூன்று மாம்பழத்தை மேசையில் வைத்து ‘எத்தினை கிடக்கு?’ என்று கேளுங்கள். அனுமதி வாங்கிப் பதிவுசெய்யுங்கள். ஆள் கூச்சம் தெளியாத முதற் சில நிமிடங்களை நம்பவேண்டாம். எழுதும்போது கேட்டதை எழுதுங்கள், ‘மூண்டு’ என்றே.

பொருளையும் ஊரிலேயே கேளுங்கள். ‘அப்பா பேசினவர்’ என்று ஒரு பிள்ளை சொன்னால், தகப்பன் கதைத்தார் என்று குறித்துவிடாதீர்கள். இங்கே ‘பேசுவது’ என்றால் ஏசுவது; பிள்ளை வாங்கிக் கட்டியிருக்கிறது.