லூபெக் நகரின் ஹோல்ஸ்டன்டோர்: பார்க்கும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

வட ஜெர்மனியின் லூபெக் நகரில் ஹோல்ஸ்டன்டோர் என்ற செங்கல் கோட்டைவாசல் நிற்கிறது. கூம்புக் கூரை போட்ட இரண்டு கொழுத்த வட்டக் கோபுரங்கள், நடுவே வழி. பெரும்பாலானவர்கள் மேற்குப் புல்வெளியில் நின்று ஒரு படம் எடுத்துக்கொண்டு நகர்ந்துவிடுகிறார்கள். இவ்வளவு அருமையான கட்டடத்தில் பாதியை அப்படியே விட்டுவிடுவது பெரிய தவறு.

மேற்குப் பக்கம்தான் எதிரி வரும் பக்கம். சுவரின் கனம் அங்கே சுமார் மூன்றரை மீட்டர், திறப்புகள் சிறியவை. வழியாக நடந்து நகரத்துப் பக்கம் போய்த் திரும்பிப் பாருங்கள். அங்கே சுவர் ஒரு மீட்டர்கூடக் கிடையாது, வரிசை வரிசையாக ஜன்னல்கள். பீரங்கிக்கு முகம் கொடுக்க ஒரு பக்கம், நகரத்தின் செல்வாக்கைக் காட்ட இன்னொரு பக்கம். இரண்டையும் பார்க்காமல் இந்த வாசலைப் புரிந்துகொள்ள முடியாது.

அடுத்த தவறு, சுவரில் எழுதியிருப்பதை அப்படியே நம்புவது. நகரத்துப் பக்கம் ‘எஸ்.பி.க்யூ.எல்.’ என்ற எழுத்துகளும், இருபுறமும் 1477, 1871 என்ற ஆண்டுகளும் இருக்கின்றன. ‘ரோமின் செனட்டும் மக்களும்’ என்று பொருள்படும் ரோமாபுரியின் ‘எஸ்.பி.க்யூ.ஆர்.’ முத்திரையைப் பார்த்து, ரோமுக்குப் பதில் லூபெக்கை வைத்து அமைத்தது அது. இடைக்காலத்தில் பொறித்தது என்று நினைக்கத் தோன்றும். உண்மையில் 1871-இல் பழுதுபார்த்து முடித்தபோது வைத்தது, 1477 என்பதும் அன்றைய கணிப்புதான். நகரக் கட்டடக் கலைஞர் ஹின்ரிக் ஹெல்ம்ஸ்டேடே 1464-இல் தொடங்கிய வேலை 1478-இல்தான் முடிந்தது. வெளிப்பக்கம் பொன்னெழுத்தில் மின்னும் ‘உள்ளே ஒற்றுமை, வெளியே அமைதி’ என்ற லத்தீன் வாசகமும் 1871-இல் வந்ததே. இடித்துவிட்ட வெளிவாசலில் இருந்த வாசகத்தின் சுருக்கம் அது.

இடித்துவிட்ட வாசலா? ஆமாம். ஒரே வழியில் முன்னும் பின்னுமாக நான்கு வாசல்கள் இருந்தன. நாம் பார்ப்பது நடுவாசல் மட்டுமே. உள்வாசல் 1828-இல் போனது. ரயில் பாதைக்காக 1853-இல் ஒரு வெளிவாசல் போனது, இன்னொரு வெளிவாசல் அதற்கு முன்பே போய்விட்டது. இதையும் இடியுங்கள் என்று ஊர்க்காரர்களே மனு கொடுத்தார்கள். 1863-இல் நகர மன்றம் ஒரே ஒரு வாக்கு வித்தியாசத்தில் காப்பாற்றியது. ‘அந்தக் காலத்து மக்கள் பழமையைப் போற்றினார்கள்’ என்று பொதுவாகச் சொல்லுமுன் இதை நினைத்துக்கொள்ள வேண்டும்.

கோபுரங்கள் சாய்ந்திருப்பதைப் பார்த்து, வயதாகிவிட்டது என்பார்கள். வயது காரணமில்லை, சதுப்பு நிலம்தான் காரணம். கட்டும்போதே தெற்குக் கோபுரம் உள்ளே இறங்கத் தொடங்கியது. கீழ்வரிசைப் பீரங்கித் துளைகள் இன்று தரைக்கு அரை மீட்டர் கீழே போய்விட்டன. 1933-34 பணியில்தான், மேலும் சாயாதபடி நிலைப்படுத்தினார்கள். இத்தனை பீரங்கித் துளைகள் இருந்தும் இங்கிருந்து சண்டையில் ஒரு குண்டுகூடச் சுட்டதில்லை. ஆகவே வழிகாட்டி யாராவது வீரப்போர்க் கதை சொன்னால் நம்ப வேண்டாம்.

அப்புறம், கிட்டப் போய்ப் பார்க்காமல் திரும்பாதீர்கள். சுவரில் தெரியும் கறுப்பு வரிகள் புகைக்கறை இல்லை. மெருகு பூசிச் சுட்ட கருஞ்செங்கலைச் சிவப்புக்கு இடையிடையே வைத்திருக்கிறார்கள். சுற்றி ஓடும் அலங்காரப் பட்டையைக் கல் செதுக்கு என்று நினைப்பவர்கள் அதிகம். அது சுடுமண் தகடு. ஒன்றில் நான்கு அல்லிப் பூ, இன்னொன்றில் நான்கு முள்ளிலை, வேறொன்றில் பின்னல். இடையிடையே நகரத்தின் கழுகுச் சின்னமும் வரும். 19-ஆம் நூற்றாண்டில் தகடுகளை மாற்றியிருப்பதால், ஒவ்வொன்றையும் இடைக்காலக் கைவேலை என்று சொல்லிவிடக் கூடாது. அந்தச் சமவெளியில் கட்டடக் கல் கிடைப்பது அரிது, களிமண்ணுக்குப் பஞ்சமில்லை. செங்கல்லை மலிவுச் சரக்கு என்று நினைப்பவர்கள் இந்தச் சுவரருகே பத்து நிமிடம் நிற்கட்டும்.

நேரம் இருந்தால் நகரின் வடக்கே 1444-இல் எழுந்த பர்க்டோர் வாசலுக்கும் போய்வாருங்கள். ஹோல்ஸ்டன்டோரோடு எல்லாம் முடிந்தது என்று பலர் ரயில் ஏறிவிடுகிறார்கள்.