வேலிக்கு ஓணான் வரவேண்டும்: உயிர்வேலி வைக்க ஒரு செய்முறை

சென்னையில் வேலை, ஞாயிற்றுக்கிழமையில் விவசாயம் என்று இருப்பவர்கள் இப்போது நிறையப் பேர். திருப்போரூர், மதுராந்தகம், ஊத்துக்கோட்டை என்று எந்தப் பக்கம் நிலம் வாங்கினாலும் முதல் செலவு கல்லுக்காலும் கம்பியும்தான். நானும் அப்படித்தான் ஆரம்பித்தேன். மதுராந்தகம் பக்கம் 60 சென்ட். கம்பி இழுத்த கையோடு எல்லையில் இருந்த பழைய புதரை எல்லாம் ஜேசிபி விட்டு வழித்துப் போட்டேன். அடுத்த போகத்தில் போட்ட வேர்க்கடலையில் பெரும்பங்கை எலி எடுத்துக்கொண்டது. பக்கத்து வயல் பெரியவரிடம் புலம்பினால், “கீரியும் சாரையும் குடியிருந்த எடத்த வழிச்சுப் போட்டுட்டு எலி வந்துடுச்சுன்னா எப்படி சார்?” என்றார். அதற்குப் பிறகு உயிர்வேலி, அதாவது செடியையும் மரத்தையுமே நட்டு வளர்க்கிற வேலி பற்றிக் கற்றுக்கொண்டதைத்தான் இங்கே எழுதுகிறேன். மண்வெட்டி பிடித்துப் பழக்கமில்லாதவர்களும் செய்யலாம்.

முதலில் எல்லை

செடி வாங்குவதற்கு முன்னால் எல்லைக்கல் எங்கே என்று பாருங்கள். புல வரைபடத்தை வைத்துக்கொண்டு சர்வேயரை வைத்து அளந்துவிடுவது நல்லது. கல்லுக்கு நேராக நடாதீர்கள். உங்கள் பக்கம் 3 அடி உள்ளே தள்ளி நடுங்கள். கிளை நீட்டினால் பக்கத்து வயலில் நிழல் விழும், சண்டை வரும். மேலே மின்கம்பி போகிற இடத்தில் மரமாகிற எதுவும் வேண்டாம், புதர்ச்செடி போதும்.

சதுரமான 1 ஏக்கருக்கு ஒரு பக்கம் சுமார் 209 அடி, சுற்றளவு 835 அடி வரும். இத்தனையையும் ஒரே வருடத்தில் முடிக்க ஆசைப்படாதீர்கள். முதல் வருடம் ஒரு பக்கம் மட்டும். அதில் செய்கிற தப்பெல்லாம் அடுத்த பக்கத்துக்கு உதவும்.

இருப்பதை வெட்டாதீர்கள்

நான் சறுக்கிய இடம் இதுதான். ஒரு மழைக்காலம் முழுக்க வேலி ஓரத்தில் நடந்து, என்னென்ன இருக்கிறது என்று பாருங்கள். சங்கஞ்செடி, காரை, களா, சூரைமுள், நொச்சி, ஆடாதொடை, அவற்றின்மேல் படரும் கோவை, பிரண்டை, வேலிப்பருத்தி, முடக்கத்தான். இதில் பாதி இருந்தாலே உங்களுக்கு வேலை பாதி முடிந்த மாதிரி. இடைவெளியை அடைத்தால் போதும். செடி அடையாளம் தெரியாவிட்டால் கிண்டி தேசியப் பூங்காவை ஒட்டிய குழந்தைகள் பூங்காவுக்கு ஒரு நாள் போய்வாருங்கள். இந்தக் கடலோரச் சமவெளிக்கே உரிய புதர்க்காடு நகரத்துக்கு நடுவில் மிச்சமிருப்பது கிண்டியில்தான்.

இருப்பது முழுக்கச் சீமைக்கருவேலம் என்றால்? அதை எடுக்கத்தான் வேண்டும். வேரோடு எடுக்காவிட்டால் வெட்டிய கட்டையிலிருந்து மறுபடி துளிர்க்கும். ஆனால் மொத்தத்தையும் ஒரே நாளில் எடுத்துவிடாதீர்கள். அதன் அடியிலும் கௌதாரி ஒண்டியிருக்கும். 30 அடி எடுங்கள், அங்கே நடுங்கள், அது இடுப்பு உயரம் வந்ததும் அடுத்த 30 அடி. உன்னிச்செடிக்கும் இதே கணக்கு.

என்ன நடுவது

இரண்டு வரிசை வைத்துக்கொள்ளுங்கள், 2 அடி இடைவெளியில். வெளிவரிசை முள்: களா, காரை, இலந்தை, கொடுக்காப்புளி. 3 அடிக்கு ஒன்று போதும். உள்வரிசை போத்து (வெட்டி ஊன்றுகிற கிளைத்துண்டு) வைத்து வளர்க்கிற மரங்கள்: கிளுவை, ஒதியன், பூவரசு, கிளைரிசிடியா, கல்யாண முருங்கை. அடிக்கு ஒன்று. மூலைக்கு மூலை நாலைந்து பனங்கொட்டையை ஊன்றி மறந்துவிடுங்கள். பனை வளர்வதற்குள் உங்கள் பிள்ளைகள் கல்லூரி முடித்துவிடுவார்கள். ஆனால் தூக்கணாங்குருவிக்கும் ஆந்தைக்கும் பனைக்கு ஈடாக எதையும் நான் பார்க்கவில்லை.

கிளுவையைப் பற்றி ஒரு வார்த்தை. கொங்குப் பக்கம் கொறங்காட்டை (மானாவாரி மேய்ச்சல் நிலத்தை)ச் சுற்றிக் கிளுவை வேலியைப் பார்த்தவர்கள் அதையே இங்கேயும் வேண்டும் என்பார்கள். அது வறண்ட மண்ணுக்குப் பிறந்த மரம். செங்கல்பட்டு, திருவள்ளூர் பக்கத்துக் களிமண்ணில் ஐப்பசி மழைக்குத் தண்ணீர் நின்றால் அடி அழுகிவிடும். மேட்டில் கிளுவை, பள்ளத்தில் பூவரசு என்று பிரித்துக்கொள்ளுங்கள். எல்லா இடத்திலும் 1 அடி உயரத்துக்குக் கரை போட்டு அதன்மேல் நடுவது இன்னும் பாதுகாப்பு.

ஒரே செடியாக நடுவது சுலபம்தான், கண்ணுக்கும் அழகு. ஆனால் அது பூக்கிறபோது எல்லாம் பூக்கும், ஓய்கிறபோது எல்லாம் ஓயும். களா காய்க்காத மாதத்தில் கோவை பழுக்க வேண்டும், கோவை இல்லாதபோது இலந்தை இருக்க வேண்டும். அப்போதுதான் குருவி தங்கும். ஓரத்தில் எருக்கு முளைத்தால் விட்டுவிடுங்கள், வெந்தய வரியன் பட்டாம்பூச்சியின் புழுவுக்கு அதுதான் சாப்பாடு. திருகுகள்ளியை மட்டும் குழந்தைகள் வருகிற இடத்தில் வைக்காதீர்கள். அதன் பால் கண்ணில் பட்டால் பெரிய தொந்தரவு.

போத்து நடும் முறை

காலம் ஆடி, ஆவணி. சாயங்கால இடிமழையில் வேர் பிடித்து, ஐப்பசி அடைமழைக்குள் செடி நிலைத்துவிட வேண்டும். ஐப்பசியிலேயே நட்டுப் பார்த்தேன். ஊன்றிய 200 போத்தில் தேறியது ஒரு கை எண்ணிக்கை.

மணிக்கட்டுப் பருமனுள்ள, முற்றிய கிளையாகப் பாருங்கள். 5 அடி நீளத்துக்கு வெட்டுங்கள். மேல்முனையைச் சாய்வாக வெட்டினால் மழைத்தண்ணீர் வழிந்துவிடும். அந்த வெட்டில் சாணியை அப்புங்கள். கிளுவை, ஒதியன் மாதிரி பிசின் வடிகிற போத்துகளை வெட்டியவுடன் நடாமல் நிழலில் 4, 5 நாள் கிடத்தி, வெட்டு காய்ந்த பிறகு நடுங்கள். கடப்பாரையால் ஒன்றரை அடி ஆழத்துக்குக் குழி போட்டு, போத்தை இறக்கி, மண்ணைத் தள்ளிக் காலால் நன்றாக மிதித்து இறுக்குங்கள். சுத்தியலால் அடித்து இறக்கினால் பட்டை உரிந்து கெட்டுப்போகும்.

கீழ்முனை கீழே இருக்கிறதா என்று ஒருமுறைக்கு இருமுறை பாருங்கள். சிரிக்க வேண்டாம். குவியலாகக் கிடக்கிற போத்தில் எது தலை, எது கால் என்று தெரியாது. வெட்டும்போதே மேல்முனையை மட்டும் சாய்வாகவும் கீழ்முனையை நேராகவும் வெட்டிவிட்டால் குழப்பமில்லை.

கடைசியாகக் குறுக்கே இரண்டு வரிச்சு (நீளமான மெல்லிய குச்சி) வைத்துத் தென்னங்கயிற்றால் கட்டுங்கள். கயிறு தானாக மக்கிப்போகும். கம்பியால் கட்டினால் மரம் பருக்கும்போது கழுத்தை அறுக்கும்.

களாவுக்குப் போத்து வேண்டாம். நன்றாகப் பழுத்த பழத்திலிருந்து விதையை எடுத்து உடனே மண் நிரப்பிய நாற்றுப் பையில் விதைத்துவிடுங்கள். எடுத்து வைத்தால் முளைப்பு போய்விடும்.

முதல் இரண்டு வருடம்

ஆடுதான் முதல் எதிரி. வெட்டிய முள்ளை வெளிப்பக்கம் படல் மாதிரி அடைத்து வையுங்கள். சித்திரை, வைகாசியில் வாரம் ஒரு தண்ணீர் காட்டுங்கள், அவ்வளவுதான். காட்டுப்பன்றி வருகிற ஊர் என்றால் உயிர்வேலி வளரும்வரை கம்பி இருக்கட்டும். பன்றியை இது நிறுத்திவிடும் என்று நான் வாக்குக் கொடுக்கமாட்டேன்.

கவாத்து

வளர்ந்த வேலியை எப்போது வெட்டுவது என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. மார்கழி, தை சரியான நேரம். மாசியிலிருந்து ஆடிவரை சின்னானும் தவிட்டுக்குருவியும் கூடு கட்டும், அப்போது அரிவாளை எடுக்காதீர்கள். வேலியை மூன்று பாகமாக மனதில் பிரித்து, வருடத்துக்கு ஒரு பாகம் மட்டும் வெட்டுங்கள். மற்ற இரண்டில் பூவும் காயும் மறைவும் இருக்கும். வெட்டிய கிளைரிசிடியா தழை வயலுக்கு உரம், ஆட்டுக்குத் தீவனம்.

தை மாதம் என்றாலும் கண்ணை மூடிக்கொண்டு வெட்ட முடியாது. ஒருமுறை இடுப்பு உயரத்தில் ஒரு பூவரசங்கிளையைப் பிடித்தேன். இரண்டு இலைகள் ஒட்டிக்கொண்டிருந்த மாதிரி தெரிந்தது. குனிந்து பார்த்தால், ஓரத்தில் வரிசையாக ஊசி போட்ட மாதிரி ஓட்டைகள், ஒவ்வொன்றிலும் பஞ்சு இழை முடிச்சு. உள்ளே மெத்தை மாதிரி பஞ்சு. தையல்சிட்டு. இலை பச்சையாகவே இருப்பதால் கூடு என்று தெரியவே தெரியாது. அந்தக் கிளை இன்னும் நீட்டிக்கொண்டுதான் இருக்கிறது. அதில் மாட்டி என் சட்டை கிழிந்ததற்கு நான் யாரையும் குறை சொல்லவில்லை.

வேலி அடியில் 3 அடி அகலத்துக்குப் புல்லைச் செதுக்காமல் விடுங்கள். களைக்கொல்லி அடிக்காதீர்கள். கோடையில் ஓரத்தைக் கொளுத்துகிற பழக்கம் நம் ஊரில் உண்டு. ஓணான் முட்டை, முள்ளெலி, கௌதாரிக் குஞ்சு எல்லாம் அந்தத் தீயில்தான் போகும். வேலை செய்ய வருகிறவர்களிடம் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். “சுத்தம் பண்ணிட்டேன் சார்” என்று ஆசையாக வந்து நிற்பார்கள். அப்போது திட்டியும் பிரயோஜனமில்லை.

பாம்பு வராதா?

வரும். இந்தக் கேள்வியை வீட்டில் கட்டாயம் கேட்பார்கள், அதனால் பதிலைத் தயாராக வைத்துக்கொள்ளுங்கள். பெரும்பாலும் வருவது சாரை, எலிக்காக வருகிறது, விஷமில்லை. ஆனால் நாகமும் கண்ணாடி விரியனும் இதே மண்ணில் உண்டு. புதரில் வெறுங்கையை விடாதீர்கள், பூட்ஸ் போடுங்கள், இருட்டினால் டார்ச் இல்லாமல் வேலிப்பக்கம் போகாதீர்கள். வீட்டுக்கும் வேலிக்கும் நடுவில் நல்ல இடைவெளி விட்டு, வாசலை வெட்டவெளியாக வையுங்கள். கடித்துவிட்டால் கீறுவது, உறிஞ்சுவது, இறுக்கிக் கட்டுவது எதுவும் கூடாது. 108க்குக் கூப்பிட்டு அரசு மருத்துவமனைக்குப் போய்விட வேண்டும். விஷமுறிவு மருந்துக்கான விஷத்தை எடுத்துக் கொடுப்பவர்கள் கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் இருக்கும், 1978-ல் தொடங்கிய இருளர் பாம்புபிடிப்போர் கூட்டுறவு சங்கத்தார். அந்தப் பக்கம் போனால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு போய்க் காட்டுங்கள். நாகமும் கண்ணாடி விரியனும் எப்படி இருக்கும் என்பது அங்கே ஒரு மணி நேரத்தில் பழகிவிடும்.