உதார் விட்டு மாட்டிக்கொள்ளாமல் இருக்க: குருஷ்சேவ் செய்த தவறுகள்

பேரத்தில் உதார் விடலாமா, கூடாதா என்ற நியாய விசாரணைக்குள் நான் போகவில்லை. காய்கறிக் கடையிலிருந்து வல்லரசுகளின் உச்சி மாநாடு வரை எல்லோரும் விடுகிறார்கள். விடத் தெரியாமல் விட்டு மாட்டிக்கொள்வதுதான் பிரச்சினை, அதற்கு சோவியத் தலைவர் நிகிதா குருஷ்சேவை விட நல்ல உதாரணம் எனக்குத் தெரிந்து கிடையாது.

1957 அக்டோபரில் ஸ்புட்னிக் மேலே போனது. பூமியைச் சுற்றிவர ஒரு பொருளை அனுப்பத் தெரிந்தவர்களுக்கு அமெரிக்கா வரை அணுகுண்டை அனுப்பவும் தெரியும் என்று பல பேர் பயந்துபோனார்கள், குருஷ்சேவ் அந்தப் பயத்தைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். எங்கள் தொழிற்சாலையில் ராக்கெட்டுகள் சாசேஜ் மாதிரி வரிசையாக வந்து விழுகின்றன என்று பேச ஆரம்பித்தார். உண்மையில் அமெரிக்காவை எட்டக்கூடிய ஆர்-7 ஏவுகணைகள் விரல் விட்டு எண்ணும் அளவில்தான் இருந்தன, ஒவ்வொன்றிலும் எரிபொருள் நிரப்பித் தயார் செய்யவே மணிக்கணக்கில் ஆகும். கையில் இரண்டு மூன்றை வைத்துக்கொண்டு எப்படி அப்பா இப்படிச் சொல்கிறீர்கள் என்று அவருடைய மகன் செர்கேய் கேட்டாராம். அமெரிக்கர்கள் நம்பினால் போதும் என்ற தொனியில் பதில் வந்ததாகப் பின்னாளில் அவரே சொல்லியிருக்கிறார்.

முதல் தவறு இங்கேதான். எதிராளி எட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும் விஷயத்தில் புளுகக் கூடாது. அமெரிக்காவின் யூ-2 உளவு விமானங்கள் 1956 ஜூலையிலிருந்தே சோவியத் வானத்தில் பறந்து படம் எடுத்துக்கொண்டிருந்தன, அது குருஷ்சேவுக்கும் ரேடார் வழியாகத் தெரியும். தலைக்கு மேலே கேமரா இருக்கிறது என்று தெரிந்தே ஒருவர் இல்லாத சரக்கைக் கணக்குக் காட்டுகிறார் என்றால் என்ன சொல்வது! இவ்வளவு காலம் அவர் தப்பித்ததற்குக் காரணம், அன்றைய அமெரிக்க அதிபர் ஐசன்ஹோவர் தனக்குத் தெரிந்ததை வெளியே சொன்னால் திருட்டுத்தனமாக விமானம் விட்டதும் வெளிவந்துவிடும் என்பதுதான். 1960 ஆகஸ்டில் அமெரிக்காவின் கொரோனா உளவுச் செயற்கைக்கோள் (பெயர் அப்போதே அப்படித்தான்) எடுத்த ஒரே சுருள் ஃபிலிமில், அதுவரை பறந்த எல்லா யூ-2 விமானங்களும் சேர்ந்து எடுத்ததைவிட அதிக நிலப்பரப்பு பதிவாகியிருந்தது.

இரண்டாவது தவறுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. உதாரை எதிராளி நம்பாவிட்டால் என்ன ஆகும் என்று யோசிக்கிற நாம், நம்பிவிட்டால் என்ன செய்வான் என்று யோசிப்பதே இல்லை. அமெரிக்காவில் நிறையப் பேர் நம்பினார்கள். ஏவுகணையில் நாம் பின்தங்கிவிட்டோம் என்பதை வைத்தே கென்னடி 1960 தேர்தல் பிரசாரத்தில் பேசினார், அப்புறம் அமெரிக்காவின் மினிட்மேன் ஏவுகணைகள் 1960களிலேயே ஆயிரத்தைத் தொட்டன. அடுத்தவனிடம் அடியாள் படை இருப்பதாக நம்பியவன் பயந்து ஓடவில்லை, தானும் படை சேர்த்துவிட்டான். சதாம் உசேனுக்கும் நடந்தது ஏறக்குறைய இதுதான். ஈரான் பயப்பட வேண்டும் என்பதற்காகப் பேரழிவு ஆயுத விஷயத்தைப் பூடகமாகவே வைத்திருந்தார், அதை அமெரிக்காவும் கேட்டுக்கொண்டிருந்தது.

அடுத்தது கெடு. நிலம் வாங்கப் போனவர்களுக்குத் தெரியும், "இன்னொரு பார்ட்டி ரெடியா இருக்காங்க சார், சாயங்காலம் அட்வான்ஸ் குடுத்துடுவாங்க" என்பார் புரோக்கர். மூன்று வாரம் கழித்து அவரே போன் செய்து, என்ன சார் முடிவு பண்ணினீங்க என்று கேட்கும்போது பாதி விலை அங்கேயே இறங்கிவிடும். குருஷ்சேவ் 1958 நவம்பர் 27-ஆம் தேதி, மேற்கு பெர்லினிலிருந்து மேற்கத்தியப் படைகள் ஆறு மாதத்துக்குள் வெளியேற வேண்டும் என்று கெடு வைத்தார். 1959 மே 27 வந்தது, போனது, ஒன்றும் நடக்கவில்லை. 1961 ஜூனில் வியன்னாவில் கென்னடியைச் சந்தித்தபோது மறுபடியும் ஒரு கெடு, வருடக் கடைசிக்குள் என்று. அக்டோபரில் அதையும் அவரே வாபஸ் வாங்கினார். நடுவில் ஆகஸ்ட் 13-ஆம் தேதி, தன் பக்கத்து கிழக்கு ஜெர்மனி ஜனங்கள் மேற்கு பெர்லினுக்கு ஓடாமல் இருக்க முள்வேலியும் சுவரும் எழுப்பியதுதான் மிச்சம். தேதி போட்டு மிரட்டினால் அந்தத் தேதியில் செய்ய ஏதாவது கையில் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் தேதியே போடாதீர்கள்.

வேறொரு வகைத் தவறும் உண்டு, அதற்குக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும். 1921-இல் வாஷிங்டன் கடற்படை மாநாட்டில் ஜப்பான் போர்க்கப்பல் பலத்தில் அமெரிக்காவுக்குப் பத்து என்றால் தனக்கு ஏழு வேண்டும் என்று விடாப்பிடியாக நின்றது. வேறு வழியில்லை என்றால் ஆறுக்கும் இறங்கலாம் என்று டோக்கியோ அனுப்பிய ரகசியத் தந்தியை அமெரிக்காவின் சங்கேத மொழி நிபுணர் ஹெர்பர்ட் யார்ட்லியின் குழு உடைத்துப் படித்துவிட்டது. அமெரிக்கா அசையவே இல்லை, ஜப்பான் ஆறுக்கு வந்தது. உங்கள் அடிமட்ட எண்ணைப் பிடிக்க உளவுத்துறை தேவையில்லை, வீடு பார்க்கப் போன இடத்தில் வீட்டுக்காரர் காதுபடவே "பூஜையறை எவ்வளவு அழகா இருக்கு, ஃப்ரிட்ஜ் இங்க வைக்கலாம்" என்று குடும்பத்தோடு பேசினால் போதும், அதற்கு மேல் நீங்கள் முகத்தை எவ்வளவு கடுகடுவென்று வைத்திருந்தும் புண்ணியமில்லை.

இதுவரை உதார் விடுகிறவரைச் சொன்னேன். பிடிக்கிறவரும் தவறு செய்வார். 1961 அக்டோபர் 21-ஆம் தேதி அமெரிக்கப் பாதுகாப்புத் துறை துணைச் செயலர் ராஸ்வெல் கில்பாட்ரிக் ஒரு கூட்டத்தில் பேசி, அணு ஆயுதத்தில் அமெரிக்காதான் பல மடங்கு மேலே என்று எல்லோருக்கும் கேட்கும்படி போட்டு உடைத்தார். சாயம் வெளுத்தது சரி. ஆனால் நாலு பேர் முன்னால் மானம் போனவர் சும்மா வீட்டுக்குப் போய்விடுவாரா? அடுத்த வருடமே அமெரிக்காவுக்குப் பக்கத்தில் இருக்கும் கியூபாவில் ஏவுகணைகளைக் கொண்டுபோய் இறக்கினார். அதற்குக் கியூபாவைக் காப்பது உட்பட வேறு காரணங்களும் உண்டு, இருந்தாலும் தூரத்து ஏவுகணை போதாததைப் பக்கத்து ஏவுகணையால் ஈடுகட்டப் பார்த்தார் என்பது நிறைய வரலாற்றாசிரியர்கள் ஏற்கிற கருத்து. கையும் களவுமாகப் பிடித்தால் தனியாகக் கூப்பிட்டுச் சொல்லுங்கள், இறங்கிவர ஒரு படி விட்டுவையுங்கள்.

கென்னடி இதை அந்த நெருக்கடியிலேயே கற்றுக்கொண்டார் என்று நினைக்கிறேன். 1962 அக்டோபர் 27 இரவு அவருடைய தம்பி ராபர்ட், சோவியத் தூதர் தோப்ரினினிடம், துருக்கியில் இருக்கும் எங்கள் ஜூபிடர் ஏவுகணைகளும் போய்விடும், ஆனால் இது வெளியே தெரியக்கூடாது என்றார். மறுநாள் கியூபாவிலிருந்து ஏவுகணைகளை எடுத்துவிடக் குருஷ்சேவ் சம்மதித்தார், 1963 ஏப்ரலில் ஜூபிடர்கள் போயின. பேரமே நடக்கவில்லை என்று அமெரிக்கத் தரப்பு வருடக்கணக்கில் சாதித்தது. ஐந்து வருடம் இல்லாததை இருப்பதாகச் சொன்ன குருஷ்சேவ், உண்மையிலேயே ஒன்றை வாங்கிவிட்ட பிறகு அதை வெளியே சொல்ல முடியாமல் வாயைக் கட்டிக்கொண்டு இருந்தார்.